‘அவருக்கு என்ன வாங்கிக் கொடுக்கலாம், சிஸ்டர்?’

வார்டுக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளே, கை நடுங்குகிறவருக்கு எந்த மாத்திரை, தூக்கம் வராமல் புலம்புகிறவரிடம் எப்படிப் பேசுவது என்பதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அதை எழுத நான் வரவில்லை. ஓய்வு பெற்றவள் கையில் பேனாவைக் கொடுத்தால் பழங்கதைதான் வரும் என்று தெரிந்தேதானே கேட்டிருக்கிறீர்கள்? அனுபவித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் பாடப் புத்தகத்தில் இல்லாத ஒரு கேள்வி இருக்கிறது. குடியிலிருந்து மீண்ட ஆள் வீட்டுக்குப் போகிற நாளில் அது வரும். துணிமணிகளைக் கட்டைப்பையில் அடுக்கிக்கொண்டே மனைவியோ, அம்மாவோ, அண்ணனோ உங்களை வராந்தா ஓரமாகத் தள்ளிக்கொண்டு போவார்கள். குரலைத் தாழ்த்திக்கொண்டு, “அவருக்கு என்ன வாங்கிக் கொடுக்கலாம், சிஸ்டர்?” என்பார்கள்.

இந்தக் கேள்வியை இளக்காரமாக நினைக்காதீர்கள். இத்தனை வருஷம் அடி வாங்கிய வீடு, ஏச்சு வாங்கிய வீடு, அந்த ஆளுக்கு ஆசையாக ஏதாவது கொடுக்க வேண்டும் என்று நினைக்கிறதே, அந்த மனசுக்கே கையெடுத்துக் கும்பிடலாம். ஆனால் ஆசை இருக்கிற அளவுக்கு யோசனை இருக்காது. ஒரு சம்பந்தி வீட்டார் சிங்கப்பூரிலிருந்து பெட்டி நிறையச் சாக்லேட் கொண்டுவந்து வார்டிலேயே கொடுத்தார்கள். அதன் வயிற்றுக்குள் என்ன ஊற்றியிருக்கிறது என்று அவர்களுக்கே தெரியாது. நான் ஒன்றைக் கடித்துப் பார்த்தேன், உள்ளே பிராந்தி. பெட்டியை அப்படியே மூடி அவர்கள் கையில் திணித்தேன். “சிஸ்டருக்குச் சர்க்கரை போல” என்று சமாதானம் சொல்லிக்கொண்டு போனார்கள். நல்லவேளை, குடியை விட்டவர் அதை வாயில் வைக்கவில்லை.

இன்னொருவர் சாயல்குடிப் பக்கம் மிளகாய் விவசாயம் பார்க்கிற சம்சாரி. தங்கமான மனிதர். அவர் வீட்டுக்குத் திரும்புகிறார் என்று தெரிந்ததும் தம்பிமார்கள் கூடிப் பேசி, ஊர் பஸ் நிறுத்தத்தில் பிளக்ஸ் வைத்துவிட்டார்கள். கூலிங்கிளாஸ் போட்ட பழைய கல்யாண போட்டோவைப் பெரிதாக்கி, ‘குடியை வென்று குலம் காக்க வருகை தரும் எங்கள் அண்ணனை வருக வருக என வரவேற்கிறோம்’ என்று கொட்டை எழுத்தில் அடித்திருந்தார்கள். கீழே பெயர் போட்டுக்கொண்டவர்களில் பாதிப் பேர் அவரோடு சேர்ந்து குடித்தவர்கள். காதுகுத்துக்கும் பிளக்ஸ், கருமாதிக்கும் பிளக்ஸ் வைக்கிற ஊரில் இதற்கு மட்டும் வைக்காமல் இருந்தால் அண்ணனுக்குக் குறைச்சல் என்று நினைத்துவிட்டார்கள். மனிதர் பஸ்ஸை விட்டு இறங்கி அதைப் பார்த்தார். மேளம் வேறு அடித்திருக்கிறார்கள். அதே பஸ்ஸில் ஏறித் திரும்பி வந்து, நம் வார்டு வாசலில் பையோடு உட்கார்ந்திருந்தார்.

“என்னத்த வென்னேன் நான்? நாளைக்கு ஒரு நாள் தவறிட்டா அந்தப் படத்த எங்கன கொண்டுபோய் வைப்பாங்க?” என்று என்னிடம் கேட்டார். பிளக்ஸை இறக்கிய பிறகுதான் ஊருக்குப் போனார். இப்போது நன்றாக இருக்கிறார். மிளகாய் காயப்போடுகிற சமயத்தில் வீட்டுக்கு வற்றல் கொடுத்தனுப்புவார்.

சரி, நான் சொல்ல வந்த கதைக்கு வருகிறேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன். சம்பந்தப்பட்டவரிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். “எழுதுங்க சிஸ்டர், நாலு பேருக்கு ஆகட்டும்” என்றார்.

அமலதாஸ் ராமேஸ்வரம் தீவில் விசைப்படகு ஓட்டுகிறவர். மீன்பிடித் தடைக்காலம் வந்தால் நம் வார்டு நிரம்பும் என்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். கடலுக்குப் போக முடியாது, வேலை இல்லை, காலையிலேயே கடை வாசலில் நிற்பார்கள். அப்படி ஒரு தடைக்காலத்தில்தான் அவரை அவர் மனைவி ஜெசிந்தா கூட்டிக்கொண்டு வந்தாள். கடலில் மூழ்கிப் பாசி எடுக்கிறவள். பாறை கிழிக்காமலிருக்க விரல்களில் துணி சுற்றிக்கொள்வார்கள் அந்தப் பெண்கள். வார்டுக்கு வரும்போதும் அவள் விரல்களில் அந்தக் கிழிசல் துணி இருக்கும். ஒரே மகள், அனிஷா.

அமலதாஸ் தேறினார். தடை முடிந்து படகுகள் கடலுக்குப் போனபோது அவரும் போனார். மறுபரிசோதனைக்குத் தவறாமல் வந்தார். முகம் தெளிந்து, சட்டையை இன் பண்ணிக்கொண்டு வருவார். நம்புவதற்கு எனக்கே ஆசையாக இருந்தது.

ஒரு முறை ஜெசிந்தாவும் கூடவே வந்தாள். அவரை டாக்டர் அறைக்குள் அனுப்பிவிட்டு என்னைத் தள்ளிக்கொண்டு போனாள். மகளுக்குப் புது நன்மை வருகிறதாம். கத்தோலிக்கப் பிள்ளைகள் முதல்முதலாக நற்கருணை வாங்குகிற நாள். வெள்ளை உடுப்பு, தலையில் பூமுடி, கையில் மெழுகுதிரி, அப்புறம் ஊருக்குச் சாப்பாடு. அவர்களுக்கு அது ஒரு சின்னக் கல்யாணம். தாய்மாமன் சேவியர் சீர் கொண்டுவருகிறார். சொந்தமாகப் படகு வைத்திருக்கிற தாராளமான மனிதர்.

“எங்கண்ணன் சொல்லிட்டாரு சிஸ்டர். விருந்துல ஒரு பாட்டில் கண்ணுல படக்கூடாதாம். பந்தலுக்குப் பின்னால எவனாவது ஊத்துனான்னா படகுல ஏத்த மாட்டேன்னுட்டாரு. அது எங்கண்ணன் அவரு மச்சானுக்குச் செய்யிறது. நான் அவுகளுக்கு என்ன செய்ய? வாட்ச் வாங்கவா, மோதிரம் எடுக்கவா?”

அந்தப் பெண் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு. இந்தக் கேள்விக்கு நான் எப்போதும் ஒரு எதிர்க்கேள்விதான் கேட்பேன். வீட்டுக்குள் அந்த ஆள் எப்படி நுழைகிறார் என்று கேட்பேன். நுழைகிற விதத்தில் வீடு தெரிந்துவிடும்.

“கடல்லேருந்து வந்ததும் வாசல்ல நிப்பாக” என்றாள். “நிக்கச் சொல்லுவேன். அனிஷா போயி, ‘அப்பா, ஊதுங்க’ம்பா. இவுக குனிஞ்சு ஊதுவாக. அவ மோந்து பாத்துட்டு, ‘இல்லம்மா’ன்னு சொன்ன பெறகு உள்ள வருவாக.”

“தினமுமா?”

“கடலுக்குப் போயிட்டு வர்றப்பெல்லாம். வெளிய போயிட்டு வந்தாலுந்தான். நான் மோந்தா சண்டை வரும் சிஸ்டர். புள்ளன்னா ஒன்னும் சொல்ல மாட்டாக. அவளும் பொய் சொல்ல மாட்டா.”

இதை ஜெசிந்தா பெருமையாகத்தான் சொன்னாள். அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனாலும் சொன்னேன். “வாட்சும் வேண்டாம், மோதிரமும் வேண்டாம் ஜெசிந்தா. பிள்ளையை மோந்து பார்க்கச் சொல்கிறாயே, அதை விட்டுவிடு. அதைவிடப் பெரிதாக அவருக்கு நீ எதையும் கொடுக்க முடியாது.”

அவள் முகம் அப்படியே மாறிவிட்டது.

“உங்களுக்கென்ன சிஸ்டர், சொல்லிருவீங்க. இனிமே தொடமாட்டேன்னு புள்ள தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணிட்டு அன்னைக்கே குடிச்சிட்டு வந்து விழுந்த ஆளு. நம்பி நம்பி ஏமாந்தவ நான்ல?”

அவள் சொன்னதில் தப்பு ஏதாவது இருக்கிறதா? இல்லை. நம்பு என்று சொல்வது நமக்குச் சுலபம், நம்பிக் கெட்டவளுக்குச் சுலபமில்லை. அதனால் நான் மேலே வற்புறுத்தவில்லை. அவளும் அதற்கப்புறம் முகம் கொடுத்துப் பேசாமல் புருஷனைக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள்.

புது நன்மைக்குச் சில நாள் இருக்கும்போது அமலதாஸ் தனியாக வந்து நின்றார். அன்று அவருக்கு வர வேண்டிய முறை இல்லை. வெளியே ஆட்கள் வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். ஏர்வாடி தர்காவுக்கு வந்த குடும்பம் ஒன்று, வலிப்பு வந்த பையனைத் தூக்கிக்கொண்டு அப்போதுதான் உள்ளே நுழைந்திருந்தது. அந்தக் கூச்சலுக்கு நடுவில் இவர் என் மேஜைப் பக்கம் வந்து, “சிஸ்டர், ஞாயித்துக்கிழமை நான் கோயிலுக்குப் போகல. மண்டபம் ஊர்ல எஞ்சின் வேலை இருக்குன்னு வீட்ல சொல்லிட்டேன்” என்றார்.

மகளின் புது நன்மைக்கு அப்பன் போகவில்லை என்றால் ஊர் என்ன பேசும் என்று அவருக்குத் தெரியாதா? மறுபடியும் ஆரம்பித்துவிட்டான் என்றுதான் பேசும். அந்தப் பிள்ளை மெழுகுதிரியோடு ஒரு பக்கம் ஆளில்லாமல் நடக்கும். இத்தனையும் தெரிந்து ஒரு மனிதர் போகமாட்டேன் என்கிறார் என்றால் காரணம் சின்னதாக இருக்காது. பையனை டாக்டரிடம் ஒப்படைத்துவிட்டு வந்து, அவரை உட்காரவைத்துக் கதவைச் சாத்தினேன்.

மெதுவாகத்தான் சொன்னார். அவர்கள் கோயிலில் நற்கருணையாக எப்போதும் அப்பம் மட்டும்தான் கொடுப்பார்களாம். புது நன்மை அன்று மட்டும் பிள்ளைக்கும் பெற்றவர்களுக்கும் அப்பத்தைத் திராட்சை இரசத்தில், அதாவது ஒயினில், தோய்த்து நாக்கில் வைப்பார்களாம். பெற்றவர்களுக்கு அது ஒரு மரியாதை. பங்குச்சாமியார் எல்லாரையும் வரவழைத்து எப்படி நடந்து வர வேண்டும், எங்கே நிற்க வேண்டும் என்று பழக்கியிருக்கிறார். அன்றைக்குத்தான் இவருக்குத் திடுக்கென்று ஆகியிருக்கிறது.

“மச்சான் ஊர்ல இருக்குற பாட்டிலயெல்லாம் பாத்துட்டாரு சிஸ்டர். கோயில்ல இருக்குறத யாரும் நெனைக்கல. நானும் நெனைக்கல.”

நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

“அது ஆண்டவரோட இரத்தம். நான் நம்புறேன். நம்புறவன் அதப் பாத்துப் பயப்படலாமா? வாங்கிக்கிட்டு, அந்த ருசியில எனக்கு ஏதாச்சும் ஆயிப்போச்சுன்னா, பழிய யாரு மேல போடுவேன்? ஆண்டவரு மேலயா? அந்த வாயோட வீட்டுக்குப் போனா வாசல்ல புள்ள ஊதச் சொல்லும். நான் என்னன்னு ஊதுவேன் சிஸ்டர்?”

கடலில் காற்றையும் மழையையும் பார்த்த மனிதர், ஒரு சொட்டுக்குப் பயந்து என் முன்னால் உட்கார்ந்திருந்தார்.

எனக்கு அந்தக் கோயில் முறை எதுவும் தெரியாது. பரமக்குடிக்குத் தெற்கே எங்கள் ஊரில் முனியய்யாவுக்குச் சாராயம் படைப்பார்கள். படைத்ததை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, சாமி குத்தம் வந்துவிடுமோ என்று நடுங்கிக்கொண்டு நம் வார்டுக்கு வந்த ஆட்களைப் பார்த்திருக்கிறேன். அதனால் இவர் பயம் எனக்குப் புரிந்தது.

இப்போது கவனியுங்கள். அந்த நேரத்தில் என் நாக்கு நுனிக்கு மூன்று பதில்கள் வந்தன. ஒன்று, ‘ஒரு சொட்டுதானே, சாமி பார்த்துக்கொள்வார்’ என்பது. அந்த ஒரு சொட்டு அவரை என்ன செய்யும் என்று எனக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. தெரியாததற்கு நான் எப்படி உத்தரவாதம் கொடுப்பது? இன்னொன்று, ‘போகாதீர்கள், உடம்புதான் முக்கியம்’ என்பது. பிள்ளையின் ஒரு நாளைப் பறித்துக்கொண்டு பிழைத்த பிழைப்பை அந்த மனிதர் எத்தனை காலம் தாங்குவார்? மூன்றாவதுதான் உங்களுக்கு உடனே தோன்றும். நானே சாமியாருக்குப் போன் போட்டுப் பேசிவிடுவது.

“நான் சாமியார்கிட்டப் பேசட்டுமா?” என்று கேட்கவும் செய்தேன். கேட்டதுதான் நல்லதாகப் போயிற்று. மனிதர் நாற்காலியைவிட்டு எழுந்துவிட்டார்.

“வேணாம் சிஸ்டர். எனக்கு மட்டும் இரசம் தோய்க்காமக் கொடுத்தா ஊரு பூராம் பாக்கும். பாரு, இன்னும் பயந்துக்கிட்டுத்தான் இருக்கான்னு சொல்லும். சேவியர் மச்சான் மொகத்துல எப்படி முழிக்க?”

அவர் வேண்டாம் என்ற பிறகு நான் போனைத் தொடக்கூடாது. நல்லது செய்கிறேன் என்று ஒருவருடைய பயத்தை அவருக்குத் தெரியாமல் இன்னொருவர் காதில் போடுகிற உரிமை நமக்குக் கிடையாது. அதனால், “இதை நீங்களாக யாரிடமாவது சொல்ல முடியுமா? வெளியே போகாது என்று நீங்கள் நம்புகிற ஒரு ஆள்?” என்று மட்டும் கேட்டேன்.

மறுபடி உட்கார்ந்தார். அப்புறம், “சனிக்கிழமை பெத்தவங்களுக்குப் பாவசங்கீர்த்தனம் இருக்கு. சாமியாரு காதுல நம்ம பாவத்தச் சொல்றது, சொன்னது அவரோட போயிரும். வெளிய வராது. ஆனா இது பாவம் இல்லையே சிஸ்டர்? பயந்துக்கிட்டதப் போயிப் பாவம்னு சொல்லலாமா?” என்றார்.

“பாவமா இல்லையான்னு எனக்குத் தெரியாது அமலதாஸ். சொல்ல ஒரு இடம் இருக்கிறதில்லையா? போய்ச் சொல்லுங்கள்.”

தலையை ஆட்டிவிட்டுப் போனார். போவாரா, நேரே கடைக்குத் திரும்புவாரா என்று எனக்கு நிச்சயமில்லை. இந்த வேலையில் பாதி நாள் அப்படித்தான் இருக்கும். வரிசையில் அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை எனக்கும் அழைப்பு இருந்தது. பாம்பன் பாலம் தாண்டும்வரை எனக்கு மனசு ஒரு நிலையில் இல்லை. அவர் மண்டபத்துக்குப் போயிருந்தால் அந்தப் பிள்ளை முகத்தை நான் எப்படிப் பார்ப்பேன் என்றே யோசித்துக்கொண்டு போனேன். கோயில் வாசலில் வெள்ளைச் சட்டையும் வேட்டியுமாக அமலதாஸ் நிற்பதைப் பார்த்ததும்தான் மூச்சு வந்தது. அவர் என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை. முகம் வெளிறியிருந்தது.

பூசையில் நேரம் வந்தது. பிள்ளைகள் ஒவ்வொருவராக, இரண்டு பக்கமும் அப்பா அம்மாவோடு நடந்து போனார்கள். பங்குச்சாமியார் வயதானவர், உயரமானவர். இரசக் கிண்ணம் பீடத்தின் மேல் இருந்தது. நான் கடைசி வரிசையில் நின்று எக்கி எக்கிப் பார்த்தேன். முதல் பிள்ளைக்கு அப்பத்தை எடுத்துக் கொடுத்தார். தோய்க்கவில்லை. அதன் அப்பாவுக்கு, அம்மாவுக்கு. தோய்க்கவில்லை. அடுத்த குடும்பத்துக்கும் அப்படியே. அனிஷா வந்தாள், அமலதாஸ் வந்தார், ஜெசிந்தா வந்தாள். எல்லாருக்கும் வெறும் அப்பம்தான். கிண்ணம் பீடத்தைவிட்டு இறங்கவே இல்லை. அமலதாஸ் திரும்பி நடந்து வரும்போது அவர் கை மகளின் தோளை இறுகப் பிடித்திருந்தது.

பூசை முடிந்து வெளியே வந்ததும் சேவியர் சும்மா இருப்பாரா? சீர்த்தட்டுகளுக்கு நடுவே நின்றுகொண்டு, எல்லார் காதிலும் விழும்படிக் கேட்டார்.

“என்ன சாமி, பெத்தவங்களுக்கு இரசத்துல தொட்டுத் தாரேன்னு பழக்குறப்ப சொன்னீக? இன்னைக்கு வெறும் அப்பமாப் போச்சே!”

சாமியார் நெற்றியில் தட்டிக்கொண்டார். “மறந்தே போச்சுப்பா. வயசாகுதுல்ல? அடுத்த புள்ளைக்குப் பாத்துக்குவோம்.”

“சரியாப் போச்சு. சீரோட சீரா சாமிக்கு ரெண்டு கட்டு வல்லாரையும் வாங்கிருக்கணும்” என்றார் சேவியர். கூட்டமே சிரித்தது. சாமியாரும் சேர்ந்து சிரித்தார். அன்று பந்தியில் உட்கார்ந்த ஒவ்வொருவரும் அவருடைய மறதியைப் பற்றி ஒரு வார்த்தை கேலி சொல்லாமல் எழுந்திருக்கவில்லை. அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டு பிரியாணி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

அமலதாஸ் பிறகு ஒரு நாள் என்னிடம் சொன்னார். பாவசங்கீர்த்தனத்தில் சாமியார் அவரிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாராம். “இத மனசுல வச்சு நான் ஒரு காரியம் செய்யலாமா? உம்பேரு வராது.” இவர் சரி என்றிருக்கிறார். அவ்வளவுதான் பேச்சு.

நம் வேலையில் எத்தனையோ பரிசுகளைப் பார்த்திருக்கிறேன். அந்தச் சாமியார் கொடுத்ததைப் போல ஒன்றைப் பார்த்ததில்லை. ஒரு மனிதர் தலை குனியாமல் இருப்பதற்காக, இன்னொரு மனிதர் ஊர் முன்னால் தனக்குப் புத்தி மங்கிவிட்டது என்று ஒப்புக்கொண்டார். இன்று வரை அந்த ஊரில் அவரை மறதிக்காரச் சாமியார் என்றுதான் சொல்கிறார்கள். அதனால் உங்களிடம் யாராவது என்ன வாங்கிக் கொடுக்கலாம் என்று கேட்டால், கடைக்கு அனுப்புவதற்கு முன்னால், அந்த ஆள் எதைக் கண்டு பயப்படுகிறார் என்று கேட்டுப் பாருங்கள்.

மறுபடி அந்த விருந்துப் பந்தலுக்கு வருகிறேன். சாப்பாடு முடிகிற நேரம். போட்டோ எடுக்கிறவர் அனிஷாவை இப்படித் திருப்பி, அப்படித் திருப்பி ஒரு வழி பண்ணிவிட்டார். விட்டதும் அந்தப் பிள்ளை, பூமுடி சரிந்து கிடக்க, கையில் ஒரு துண்டுக் கேக்கோடு அப்பாவைத் தேடி ஓடிவந்தாள். அமலதாஸ் பந்தல் காலில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார். பிள்ளை அருகில் வந்து அண்ணாந்ததும் மனிதர் தானாகக் குனிந்தார். குனிந்து, முகத்தை அவள் முகத்துக்கு நேரே கொண்டுபோய், ‘ஹா’ என்று ஊதினார்.

யாரும் கேட்கவில்லை. பழகிய உடம்பு, அதுவாகச் செய்துவிட்டது.

பிள்ளை இன்னொரு கையால் அவர் வாயைப் பொத்தினாள். “ஊத வேணாம்ப்பா. இனிமே ஊதச் சொல்லக் கூடாதுன்னு அம்மா சொல்லிட்டாக. நான் கேக்கு தரத்தான் வந்தேன்.”

கையை எடுத்துவிட்டு, அந்தக் கேக்கை அவர் வாயில் திணித்தாள். அவரால் அதை மெல்லவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை. அப்படியே முழங்கால் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

ஜெசிந்தா அண்டாவுக்குப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அன்று அவள் விரல்களில் துணி இல்லை. வெட்டுக்காயங்கள் வெளியே தெரிந்தன. கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்தாள்.

“வாட்சும் எடுக்கல, மோதிரமும் எடுக்கல. புருசனுக்கு நீ என்னத்தக் கொடுத்தன்னு எங்கண்ணன் காலையிலேருந்து கேட்டுக்கிட்டே இருக்காரு சிஸ்டர். நான் என்னன்னு சொல்ல?”

பந்தல் காலடியில் அமலதாஸ் வாய் நிறையக் கேக்கோடு, மகளைக் கட்டிக்கொண்டு அழுதுகொண்டிருந்தார்.

“அங்கன பாக்கச் சொல்லு” என்றேன்.